நாலு குழாய், ஒரு வாய்: ஹாட் ராட் ஹெடர்களின் கதை

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்திலிருந்து வடக்கே மலையைத் தாண்டினால் மொஹாவி பாலைவனம். மழை பெய்தால் தண்ணீர் தேங்கி, வெயிலில் வற்றி, சிமெண்ட் பூசிய களம் மாதிரி இறுகிப்போகும் ஏரிப் படுகைகள் அங்கே நிறைய. மியூராக், எல் மிராஜ், ஹார்ப்பர், ரோசமண்ட் என்று பெயர்கள். 1930களில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், பழைய ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு இளைஞர்கள் அங்கே போய்விடுவார்கள். போனவுடன் செய்யும் முதல் வேலை, மட்கார்டுகளைக் கழற்றுவது. இரண்டாவது வேலை, சைலன்சரைக் கழற்றுவது.

காது கிழியும் சத்தம் வரும். கூடவே கார் கொஞ்சம் வேகமாகவும் போகும். அப்படியானால் சத்தம்தான் வேகமா? அன்றைக்குப் பலர் அப்படித்தான் நம்பினார்கள். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயை எந்த நீளத்தில், எந்த அகலத்தில், எப்படிச் சேர்த்துக் கட்டினால் என்ஜினுக்கு உண்மையாகவே பலம் கூடும் என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை கிடைக்க ஏறக்குறைய முப்பது வருடங்கள் ஆயின. அந்தக் கேள்விதான் ஹெடரின் கதை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். சூப்பர்சார்ஜரோ டர்போவோ இல்லாத என்ஜினை 'நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்' என்பார்கள். அதாவது, யாரும் ஊதிவிடாமல் தானாக மூச்சு இழுக்கும் என்ஜின். அதற்கு உள்ளே காற்றைத் தள்ளுவது நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டலம் மட்டுமே. கடல்மட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 14.7 பவுண்டு. அதற்கு மேல் ஒரு பைசா கடன் கிடைக்காது! சூப்பர்சார்ஜர் வைத்தவன் வெளியேறும் வழி கொஞ்சம் அடைத்திருந்தாலும் பெல்ட்டை மாற்றிப் போட்டு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்வான். தானாக மூச்சு விடும் என்ஜினுக்கு அந்த வசதி இல்லை. பழைய புகை முழுதாக வெளியே போனால்தான் புதுக் காற்று முழுதாக உள்ளே வரும். அதனால்தான் இந்த வகை என்ஜின்களில் ஹெடர் இவ்வளவு முக்கியமாகிறது.

ஹாட் ராட் உலகத்தின் குலதெய்வம் 1932ல் ஹென்றி ஃபோர்டு கொண்டுவந்த ஃப்ளாட்ஹெட் வி8 என்ஜின். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். அதற்கு முன் வி8 என்றால் பணக்காரர்களின் காரில்தான் இருக்கும். எட்டு சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பாக வார்த்து அதைச் சாதாரண மனிதனின் விலைக்குக் கொண்டுவந்தது ஃபோர்டின் பெரிய சாதனை. ஆனால் அந்த மலிவுக்கு ஒரு விலையும் இருந்தது. வால்வுகள் தலைப்பகுதியில் இல்லாமல் பிளாக்கின் உள்ளேயே, சிலிண்டர்களுக்குப் பக்கத்தில், இரண்டு வரிசைகளுக்கும் நடுவே இருந்தன. எரிந்த வாயு வெளியே வரவேண்டுமானால் பிளாக்குக்குள்ளேயே, குளிர்விக்கும் தண்ணீருக்கு நடுவே, சிலிண்டர்களைச் சுற்றிக்கொண்டு வெளிப்புறம் வரவேண்டும். வழியெல்லாம் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வரும். ஃப்ளாட்ஹெட் கார்கள் மேடேறும்போது கொதிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் இன்னொன்று. ஒரு பக்கம் நாலு சிலிண்டர். ஆனால் வெளியேறும் வாசல் மூன்றுதான்! நடு சிலிண்டர்கள் இரண்டும் ஒரே வாசலைப் பங்குபோட்டுக்கொண்டன. கூட்டுக்குடும்பம் மாதிரி. கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் குளிக்கப் போகும் நேரத்தில்தான் இன்னொருவருக்கும் அவசரம் வரும் அல்லவா, அதே கதை இங்கேயும். அந்த என்ஜின் வெடிக்கும் வரிசை 1-5-4-8-6-3-7-2. ஒன்று முதல் நாலு வலப்பக்கம், ஐந்து முதல் எட்டு இடப்பக்கம். இடப்பக்கத்தின் நடு சிலிண்டர்கள் 6, 7. வரிசையைப் பாருங்கள், ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஒரே ஒரு சிலிண்டர்தான். கிராங்க் 180 டிகிரி சுற்றியதும் அடுத்த வால்வு திறந்துவிடும். ஆறாம் சிலிண்டரின் புகை இன்னும் வாசலைத் தாண்டாத நிலையில் ஏழாம் சிலிண்டர் தன் புகையைக் கொட்டும். வலப்பக்கத்தில் 2, 3 இரண்டுக்கும் இடையிலும் அதே 180 டிகிரி இடைவெளிதான் என்பதால் அங்கேயும் அதே மோதல். ஒரே என்ஜின், இரண்டு பக்கமும் ஒரே நோய்.

தொழிற்சாலையிலிருந்து வந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டோ இதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. மூன்று வாசலையும் ஒரு தடித்த பெட்டி மாதிரியான குழாயில் இணைத்து, பல மாடல்களில் ஒரு பக்கத்துப் புகையை என்ஜினுக்கு முன்னால் சுற்றி மறுபக்கம் கொண்டுவந்து, கடைசியில் ஒரே சைலன்சருக்குள் திணித்தது. மலிவு, சத்தமில்லை, பத்து வருடம் உழைக்கும். கார் விற்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஏரிப் படுகை இளைஞர்கள் முதலில் செய்தது எளிமையான வேலைதான். அந்த மேனிஃபோல்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, மூன்று வாசலுக்கும் மூன்று தனிக் குழாய் வைத்து வெல்டிங் செய்து, பக்கத்துக்கு ஒரு பெரிய குழாயில் சேர்த்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பாதை. ஊருக்குள் ஓட்டும்போது சைலன்சர் வழியாகவும், படுகைக்குப் போனதும் மூடியைக் கழற்றி நேராகவும் விடுகிற மாதிரி ஒரு குழாய் வைத்தார்கள். அதற்கு 'லேக்ஸ் பைப்' என்றே பெயர் வந்துவிட்டது. இன்றைக்கும் ஹாட் ராட் கார்களின் பக்கவாட்டில் பளபளவென்று குரோம் பூசி ஓடும் குழாய் அந்தப் படுகைகளின் ஞாபகம்தான். இன்னும் விஷயம் தெரிந்தவர்கள், நடு வாசலுக்குள்ளேயே ஒரு தகட்டுத் தடுப்பு வைத்து ஆறையும் ஏழையும் பிரித்தார்கள்.

1937ல் தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன், சுருக்கமாக எஸ்.சி.டி.ஏ., உருவாகி ஓட்டங்களைக் கடிகாரம் வைத்து அளக்கத் தொடங்கியது. இது சாதாரண விஷயம் இல்லை. அதற்கு முன் பல சமயம் "என் கார்தான் வேகம்" என்று சொன்னவனின் வாய்தான் சாட்சி. இப்போது எண் வந்துவிட்டது. குழாயை மாற்றினால் இரண்டு மைல் கூடியதா குறைந்ததா என்று தெரிந்துவிடும். போருக்குப் பின் இந்தப் பித்து இன்னும் அதிகமானது. விமானப்படையிலும் கடற்படையிலும் வெல்டிங், இயந்திர வேலை கற்றுத் திரும்பியவர்கள் கையில் கொஞ்சம் காசும் இருந்தது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் 'ஹாட் ராட்' பத்திரிகையைத் தொடங்கினார். 1949ல் யூட்டா மாநிலத்து பான்வில் உப்புப் படுகையில் முதல் 'ஸ்பீட் வீக்'. பின்கட்டில் செய்த வேலை கடைத்தெரு வியாபாரமாக மாறியது இந்தக் காலத்தில்தான்.

அந்த வியாபாரிகளில் ஒருவர் சாண்டி பெலாண்ட். சைலன்சர் கடைக்காரர். அவருடைய ஹெடர்கள் கலிஃபோர்னியா முழுக்க விற்றன. 1957ல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் சாம் ஹேங்க்ஸ் ஜெயித்த காரின் பெயர் என்ன தெரியுமா? 'பெலாண்ட் எக்ஸாஸ்ட் ஸ்பெஷல்'. ஜார்ஜ் சாலி கட்டிய கார் அது. ஆஃபன்ஹாசர் நாலு சிலிண்டர் என்ஜினை ஏறக்குறையப் படுக்கவைத்துப் பொருத்தியிருந்தார். அடுத்த வருடம் அதே காரில் ஜிம்மி பிரையன் மறுபடி ஜெயித்தார். அமெரிக்காவின் மிகப்பெரிய கார் பந்தயத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து ஒரு புகைக்குழாய்க் கடையின் பெயர்! இதைவிடப் பெரிய விளம்பரம் கிடைக்குமா? 1954ல் பாப் ஹெட்மன், 1962ல் கேரி ஹுக்கர் என்று வரிசையாகக் கம்பெனிகள் முளைத்தன. தன் காருக்கு வேண்டியதைத் தானே வளைத்துக்கொண்டவர்களின் காலம் போய், பெட்டியில் போட்டு அஞ்சலில் அனுப்பும் காலம் வந்தது.

இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. தானே செய்பவனுக்கு ஒரு கார், ஒரு என்ஜின். கடையில் வாங்குபவனுக்கோ முன்னால் பத்து வகை. எதை எடுப்பது? பெரும்பாலானவர்கள் "குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது" என்று எடுத்தார்கள். அதுதான் தவறு.

காரணத்தைப் பார்ப்போம். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் கணத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு. அது திடீரென்று குழாய்க்குள் பாயும்போது ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. புகை கொஞ்சம் நிதானமாகத்தான் நகரும். ஆனால் அலை அந்தச் சூட்டில் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் ஓடும். குழாய் முடிந்து திடீரென்று விரியும் இடத்துக்கு வந்ததும் அந்த அலை தலைகீழாகி, உறிஞ்சும் அலையாகத் திரும்பி வால்வை நோக்கி வரும். வெளியேறும் வால்வு மூடுவதற்குள் உள்வரும் வால்வு திறக்கத் தொடங்கும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த நேரத்தில் உறிஞ்சும் அலை வந்து சேர்ந்தால் மிச்சமிருக்கும் புகையை இழுத்துக்கொண்டு, புதுக் காற்றையும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவரும். வளிமண்டலம் தராத கடனை இந்த அலை தருகிறது. ஆனால் நேரம் தவறி அழுத்த அலை வந்து சேர்ந்தாலோ, புகை திரும்ப உள்ளே போய், கார்புரேட்டர் வரைக்கும் இருமும்.

ஆகவே நீளம் என்பது நேரக் கணக்கு. ஹெடர் கட்டுபவர்கள் பயன்படுத்தும் ஒரு பழைய கணக்கு உண்டு. வால்வு, பிஸ்டன் கீழே வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் திறக்கிறதோ அதோடு 180ஐக் கூட்ட வேண்டும். அதை 850ஆல் பெருக்கி, ஆர்.பி.எம்.மால் வகுத்து, 3ஐக் கழித்தால் ஒரு குழாயின் நீளம் அங்குலத்தில் வரும். வால்வு 70 டிகிரி முன்னால் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 6000 ஆர்.பி.எம்.முக்கு 32 அங்குலம் வரும். 4000க்கு 50 அங்குலம். அதாவது பந்தயக்காரனுக்குக் குட்டைக் குழாய், ஊருக்குள் ஓட்டுபவனுக்கு நீளக் குழாய்! கடையில் நடந்ததோ வேறு. இடம் இல்லை என்று குட்டைக் குழாயை வாங்கிப் பொருத்திக்கொண்டு, சிக்னலுக்கு சிக்னல் 2000 ஆர்.பி.எம்.மில் உருட்டிக்கொண்டு போனார்கள்.

அகலமும் அப்படித்தான். குழாய் ரொம்பக் குறுகினால் மேல் வேகத்தில் மூச்சு முட்டும். ரொம்ப அகன்றால் புகையின் ஓட்டம் மந்தமாகி, கீழ் வேகத்தில் இழுக்கும் பலமே போய்விடும். ஜிம் மெக்ஃபார்லண்டின் கணக்கு இதற்கு மிகவும் வசதியானது. குழாயின் உட்பரப்பைச் சதுர அங்குலத்தில் எடுத்து, 88,200ஆல் பெருக்கி, ஒரு சிலிண்டரின் கொள்ளளவால் வகுத்தால், எந்த ஆர்.பி.எம்.மில் அந்தக் குழாய் அதிக முறுக்குவிசைக்கு உதவும் என்று தெரியும். ஹாட் ராட்களில் அதிகம் காணப்படும் 350 கன அங்குல ஷெவர்லே என்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு 43.75 கன அங்குலம். 1 5/8 அங்குலக் குழாய் போட்டால் சுமார் 3,700. 1 3/4 போட்டால் 4,300. 2 அங்குலம் போட்டால் 5,700! கடையில் பார்க்கும்போது எட்டில் ஒரு பங்கு அங்குலம் ஒன்றுமில்லாத மாதிரித்தான் தெரியும். விலையும் பெரிதாக வித்தியாசப்படாது. ஆனால் அந்த எட்டில் ஒரு பங்கு 600 ஆர்.பி.எம். விலை கேட்கிறது. 2 அங்குலக் குழாயைப் பெருமையாகப் பூட்டிக்கொண்டவன், தன் காரில் ஒருநாளும் தொடாத ஒரு வேகத்துக்காகத் தினமும் தொடும் வேகத்தை விற்றுவிட்டான் என்று அர்த்தம்.

சரி, நீளமும் அகலமும் முடிவாகிவிட்டன. நாலு குழாயையும் எப்படிச் சேர்ப்பது? நாலு சிலிண்டர் என்ஜின் என்றால் சுலபம். 180 டிகிரிக்கு ஒன்றாக ஒழுங்காக வெடிக்கும். அமெரிக்க வி8களின் கிராங்க் அப்படி அல்ல. 1955ல் வந்த ஷெவர்லே ஸ்மால் பிளாக் வி8தான் ஃப்ளாட்ஹெட்டை ஓரங்கட்டியது. 265 கன அங்குலம், ஆரம்பத்திலேயே 162 குதிரைத்திறன், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வாசல். அதன் வரிசை 1-8-4-3-6-5-7-2. இடப்பக்கம் 1, 3, 5, 7. பழைய நோய் இங்கேயும் இருக்கிறது பாருங்கள்: ஐந்துக்கு அடுத்த கணமே ஏழு. நாலு குழாயையும் ஒரே கலெக்டரில் சேர்த்தால் இந்த இரண்டும் அங்கே முட்டிக்கொள்ளும்; மற்ற இரண்டுக்கும் வேண்டிய அளவு இடைவெளி இருக்கும். மேல் வேகத்தில் இதைப் பொருட்படுத்தாமல் ஜெயிக்கலாம். அதனால் டிராக் பந்தயக்காரர்கள் நாலுக்கு ஒன்று என்ற அமைப்பையே விரும்பினார்கள்.

நடுவழி ஒன்றும் இருந்தது. முதலில் இரண்டிரண்டாகச் சேர்த்து, பிறகு அந்த இரண்டையும் ஒன்றாக்குவது. மூன்று இடத்தில் 'ஒய்' வடிவம் வருவதால் 'ட்ரை ஒய்'. சேர்க்கும் ஜோடியில்தான் சூட்சுமம். 5ஐயும் 7ஐயும் ஜோடி சேர்த்தால் எல்லாம் பாழ். 1-5, 3-7 என்று சேர்த்தால் ஜோடிக்குள் குறைந்தது 270 டிகிரி இடைவெளி கிடைக்கும். நடு வேகத்தில் இழுவை நன்றாக இருக்கும். 1965ல் கேரல் ஷெல்பி தன் ஜி.டி.350 மஸ்டாங்குக்கு இந்த வகை ஹெடரைத்தான் எடுத்தார். 271 குதிரைத்திறன் இருந்த 289 கன அங்குல ஃபோர்டு என்ஜின், இந்த ஹெடர், புது இன்டேக், பெரிய கார்புரேட்டர் எல்லாம் சேர்ந்து 306 ஆனது. வளைந்து நெளியும் சாலைப் பந்தயத்தில் ஒவ்வொரு திருப்பத்திலிருந்தும் வெளியே வர நடு வேக இழுவை வேண்டும். நேர்கோட்டில் கால் மைல் ஓடும் காருக்கு வேண்டியதை அவர் எடுக்கவில்லை. தேர்ந்தெடுப்பது என்றால் இதுதான்.

மூன்றாவது வழி பேராசைக்காரர்களின் வழி. ஒரு பக்கத்துக் குழாய்கள் இரண்டை மறுபக்கத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இரண்டை இங்கே கொண்டுவந்து, ஒவ்வொரு கலெக்டருக்கும் சரியாக 180 டிகிரிக்கு ஒரு துடிப்பு வரும்படி பின்னுவது. ஃபோர்டு ஜி.டி.40 காரின் பின்புறத்தைப் படத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாம்புக் குவியல் மாதிரி வெள்ளைக் குழாய்கள் நெளியும். 'பாம்புக் கட்டு' என்றேதான் அதற்குப் பட்டப்பெயர். என்ஜின் பின்னால் இருக்கும் காரில் இதற்கு இடம் உண்டு. என்ஜின் முன்னால் இருக்கும் ஹாட் ராடில் எண்ணெய்த் தொட்டி, ஸ்டார்ட்டர், கியர் பெட்டி எல்லாம் குறுக்கே நிற்கும். இங்கிலாந்தின் கோவன்ட்ரி கிளைமாக்ஸ் கம்பெனி 1960களின் தொடக்கத்தில் தன் ஃபார்முலா ஒன் வி8க்கு இப்படிப் பின்னிப் பார்த்துவிட்டு, 1963ல் கிராங்கையே தட்டை வடிவத்துக்கு மாற்றிக்கொண்டது. குழாயை மாற்றுவதைவிட என்ஜினை மாற்றுவது சுலபமாகப் போய்விட்டது!

இந்தக் காலத்தில்தான் அனுபவ அறிவும் படிப்பறிவும் ஒன்றாகின. கிரைஸ்லர் கம்பெனியில் பகலில் வேலைபார்த்த பொறியாளர்கள் சிலர் 'ராம்சார்ஜர்ஸ்' என்று ஒரு சங்கம் வைத்து, 1949 பிளிமத் கார் ஒன்றில் ஹெமி என்ஜினைப் போட்டு 1959ல் பந்தயத்துக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே போகும் குழாய், வெளியே வரும் குழாய் இரண்டையும் அலைக் கணக்குப் போட்டுச் செய்திருந்தார்கள். எக்காளம் போல விரிந்த அதன் எக்ஸாஸ்டைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஓட்டத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். 1962ல் பிலிப் ஸ்மித், எக்ஸாஸ்ட் மற்றும் இன்டேக் வடிவமைப்பு பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். சத்தம்தான் வேகம் என்ற நம்பிக்கை அத்தோடு போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். போகவில்லை.

கணக்கெல்லாம் சரி, காரில் இடம் இருக்கிறதா என்பதுதான் கடைசிக் கேள்வி. பல சமயம் அதுதான் முதல் கேள்வியும். 1932 ஃபோர்டு சட்டத்துக்குள் ஷெவர்லே வி8ஐ இறக்கினால், இடப்பக்கம் ஸ்டியரிங் பெட்டி இருக்கிறது. இன்னொரு பக்கம் ஸ்டார்ட்டர். ஸ்பார்க் பிளக் கழற்ற ஸ்பானர் போகவேண்டும். பிளக் வயர் குழாயில் பட்டால் உருகும். 32 அங்குலக் குழாய் நாலையும் ஒரே நீளத்தில் இந்தச் சந்துக்குள் வளைக்க வேண்டும்! அதனால்தான் பிளாக்கை ஒட்டியே படுத்திருக்கும் 'பிளாக் ஹக்கர்' என்ற குட்டை ஹெடர் இத்தனை விற்கிறது. அலைக் கணக்குப்படி அதற்குப் பெரிய மரியாதை இல்லை. ஆனால் பொருந்தும். 1960களின் 'கேஸர்' டிராக் கார்களோ எதிர்த்திசையில் போயின. சட்டத்தின் உள்ளே இடம் இல்லையா, சக்கரக்கூட்டையே வெட்டி அதன் வழியாகக் குழாயை வெளியே இழு என்றார்கள். முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து நாலு குழாய் எட்டிப்பார்க்கும் அந்தத் தோற்றம் ஒரு காலத்தின் முத்திரையாகிவிட்டது.

குழாய் ஹெடருக்குத் தொல்லைகளும் உண்டு. மெல்லிய இரும்பு, சீக்கிரம் துருப்பிடிக்கும். சூடாகி ஆறும்போது நெளிந்து கேஸ்கெட்டை ஊதிவிடும். பள்ளத்தில் இறங்கினால் அடி இடிக்கும். ஷெவர்லே தொழிற்சாலையே 'ராம்ஸ் ஹார்ன்' என்று ஆட்டுக்கொம்பு வடிவில் ஒரு வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு கொடுத்தது. நாலு வாசலும் அழகாக வளைந்து நடுவில் இறங்கும். சாதாரணமாக ஓட்டும் காருக்கு மலிவான ஹெடரைவிட அதுவே மேல் என்று பழைய கைகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வரவு செலவு பார்த்தால், பத்து குதிரைத்திறனுக்காக வருடம் இரண்டு தடவை கேஸ்கெட் மாற்றுவது லாபம் இல்லை.

1970ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வந்தது. 1975 மாடல்களிலிருந்து பெரும்பாலான கார்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. கலிஃபோர்னியாவில் சாலையில் ஓடும் பிற்காலக் கார்களுக்கு ஹெடர் விற்கவேண்டுமானால் மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் வேண்டும் என்றானது. ஹெடர் எங்கே பிறந்ததோ அங்கேதான் அதற்குக் கெடுபிடியும் அதிகம்.

மியூராக் படுகை எப்போதோ ராணுவத்துக்குப் போய், இப்போது எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது. எல் மிராஜில் மட்டும் எஸ்.சி.டி.ஏ. இன்னும் கடிகாரம் வைத்து அளந்துகொண்டிருக்கிறது. ஃபோர்டு ஃப்ளாட்ஹெட்டுக்கு அங்கே தனிப் பிரிவும் உண்டு. அந்தக் கார்களின் பக்கவாட்டில் பார்த்தால் இன்றைக்கும் பக்கத்துக்கு மூன்று குழாய்தான்; அவற்றில் நடுக் குழாய் இரண்டு சிலிண்டர்களின் புகையைச் சுமந்துகொண்டு வருகிறது.